மாண்டிசோரியா, வால்டோர்ஃபா, வழக்கமான பள்ளியா? சேர்ப்பதற்கு முன் வெளியே வரும் வழியைப் பாருங்கள்

"குழந்தைக்கு மூன்றரை வயதாகிறது. படிப்பு மட்டும் போதாது, மனசு, உடம்பு, கைவேலை எல்லாம் சேர்ந்து வளர வேண்டும் என்று நினைக்கிறோம். மாண்டிசோரியில் சேர்ப்பதா, வால்டோர்ஃபில் சேர்ப்பதா, இல்லை பக்கத்துப் பள்ளியே போதுமா?"

என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி இது. கேட்கிறவர்கள் நிறையப் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். ஆனால் படிக்கப் படிக்கக் குழப்பம் கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. 'முழுமையான வளர்ச்சி' என்ற அதே சொல்லை எல்லாப் பள்ளிகளும் சொன்னால் எதை வைத்துப் பிரித்துப் பார்ப்பது?

பதினான்கு வருடம் நான் வழக்கமான தொடக்கப் பள்ளியில் பாடம் நடத்தினேன். வேறு பள்ளியிலிருந்து நடுவில் வந்து சேரும் பிள்ளைகளை என் வகுப்பில்தான் போடுவார்கள். அதனால் மாண்டிசோரி, வால்டோர்ஃப் போன்ற மாற்றுப் பள்ளிகளை நான் முதலில் அறிந்தது, அங்கிருந்து வெளியே வந்த பிள்ளைகள் வழியாக. பிறகுதான் அந்த வகுப்பறைகளிலேயே போய் உட்கார்ந்து பார்த்தேன்.

அப்படி வந்தவர்களில் ஒரு பையனை என்னால் மறக்க முடியாது. ஏழரை வயது, வால்டோர்ஃப் பள்ளியில் முதல் வகுப்பை முடித்தவன். ஒரு கதையை ஒரே முறை கேட்டுவிட்டு, மறுநாள் ஒரு விவரம் விடாமல் திருப்பிச் சொல்வான். ஊசி பிடித்துப் பின்னல் போடுவான். பாடப்புத்தகத்தைக் கையில் கொடுத்தால் மட்டும் தலையைக் குனிந்துகொள்வான். அவன் வகுப்பில் மற்றவர்கள் பத்தி பத்தியாக வாசித்துக்கொண்டிருந்தார்கள், அவன் எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தான். பழைய பள்ளியில் அவன் சரியான இடத்தில் இருந்தவன். எங்கள் பள்ளியில் ஒரே வாரத்தில் 'ஸ்லோ' என்று பெயர் வாங்கிவிட்டான். குழந்தை மாறவில்லை, அளவுகோல்தான் மாறியது. அதற்கான விலையை அவன்தான் கொடுத்தான்.

அதிலிருந்து எனக்கு ஒன்று உறுதியானது. இந்த முறைகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு காலக்கணக்கு இருக்கிறது. கணக்கு முடியும் வரை இருந்தால்தான் போட்டது கைக்கு வரும். எந்த முறை சிறந்தது என்பதைவிட, நாம் எத்தனை வருடம் அங்கே இருக்க முடியும், அதன் பிறகு எங்கே போவோம் என்பதே முதல் கேள்வி.

## எதையெல்லாம் வைத்து அளப்பது

கீழே வால்டோர்ஃப், மாண்டிசோரி, இத்தாலியிலிருந்து வந்த ரெஜியோ எமிலியா, வழக்கமான பள்ளி என்று ஒவ்வொரு முறையையும் ஐந்து விஷயங்களை வைத்துப் பார்க்கிறேன்.

- காலக்கணக்கு: எந்த வயதில் வெளியேறினால் பாதிப்பு குறைவு?
- குழந்தையின் ஒரு நாள்: காலையில் என்ன செய்வது என்று யார் தீர்மானிக்கிறார்கள்?
- எழுத்தும் எண்ணும்: எப்போது, எந்த வழியில் வருகின்றன?
- வீட்டிடம் கேட்பது: பள்ளி முடிந்த பிறகு வீட்டில் என்னென்ன மாற வேண்டும்?
- பெயரின் நம்பகம்: பலகையில் இருக்கும் பெயருக்கும் உள்ளே நடப்பதற்கும் சம்பந்தம் இருக்கிறதா?

கட்டணத்தைத் தனியாகச் சேர்க்கவில்லை. அது பள்ளிக்குப் பள்ளி மாறும், நீங்களே கேட்டுத் தெரிந்துகொள்வீர்கள். ரசீதில் வராத செலவுகளைத்தான் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

| | வால்டோர்ஃப் | மாண்டிசோரி | ரெஜியோ எமிலியா | வழக்கமான பள்ளி |
|---|---|---|---|---|
| தொடக்கம் | 1919, ஸ்டுட்கார்ட் | 1907, ரோம் | இரண்டாம் உலகப் போருக்குப் பின், வட இத்தாலி | நாட்டுக்கு நாடு வேறு |
| வேலையைத் தீர்மானிப்பவர் | ஆசிரியர், மொத்த வகுப்புக்கும் | குழந்தை, அலமாரியில் உள்ளவற்றிலிருந்து | குழந்தைகளும் ஆசிரியரும் சேர்ந்து | பாடத்திட்டமும் கால அட்டவணையும் |
| வாசிப்பு | சுமார் 7 வயதில் தொடங்கும் | பெரும்பாலும் 4, 5 வயதில், குழந்தை தயாரானதும் | தனிப் பாடமாக இல்லை | பாடத்திட்டம் சொல்லும் வயதில் |
| கற்பனைக் கதைகள் | நாளின் மையமே அதுதான் | 6 வயது வரை நிஜ உலகுக்கே முதலிடம் | குழந்தை கொண்டுவந்தால் உண்டு | ஆசிரியரைப் பொறுத்தது |
| வெளியேற ஏற்ற வயது | 6, அல்லது 10–11க்குப் பிறகு | 6, 9, 12 | 6 | எப்போதும் |
| வெளியேறக் கடினமான வயது | 7 முதல் 9 வரை | 5 | பெரிதாக இல்லை | – |

## வால்டோர்ஃப்

ஸ்டுட்கார்ட்டில் வால்டோர்ஃப்-அஸ்டோரியா சிகரெட் ஆலையை நடத்திய எமில் மோல்ட், தன் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளி அமைத்துத் தரும்படி ருடால்ஃப் ஸ்டைனரைக் கேட்டார். 1919இல் அந்தப் பள்ளி திறந்தது. ஆலையின் பெயரே முறைக்கும் ஒட்டிக்கொண்டது, ஸ்டைனர் பள்ளி என்றும் சொல்வார்கள். தலை, இதயம், கை மூன்றுக்கும் சேர்த்துக் கல்வி என்பது அடிப்படை. வளர்ச்சியை ஏழேழு வருடக் கட்டங்களாகப் பிரிப்பார்கள். முதல் ஏழு வருடம் விளையாட்டுக்கும், பெரியவர்களைப் பார்த்துச் செய்வதற்கும். முறையான எழுத்துப் பாடம் அதன் பிறகே.

ஒரு நாள்: காலையில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஒரே பாடம். அதே பாடம் மூன்று, நான்கு வாரம் தொடரும், பிறகு வேறொன்று. அச்சிட்ட பாடப்புத்தகத்துக்கு அதிக இடமில்லை. பிள்ளைகளே எழுதி, வரைந்து, வண்ணம் தீட்டித் தங்கள் பாட நோட்டை உருவாக்குவார்கள். ஆங்கில எழுத்து 'எஸ்' வருவதற்கு முன் ஒரு பாம்புக் கதை வரும். அப்புறம் பாம்பை வரைவார்கள், வரைந்த பாம்பிலிருந்து எழுத்து பிறக்கும். அந்தப் பையனின் நோட்டைப் புரட்டியபோது, ஒவ்வொரு பக்கத்துக்கும் அவனே பார்டர் போட்டிருந்ததைப் பார்த்தேன். எங்கள் வகுப்பில் எந்தப் பிள்ளையும் தன் நோட்டை அவ்வளவு மரியாதையாக வைத்திருந்ததில்லை.

எழுத்தும் எண்ணும்: "ஏழு வயது வரை வாசிக்காவிட்டால் பின்தங்கிவிடாதா?" என்ற பயம் நியாயமானது. நியூசிலாந்தில் செபாஸ்டியன் சுகேட்டும் உடனிருந்தவர்களும் இதை ஆராய்ந்தார்கள். 5 வயதில் வாசிக்கத் தொடங்கியவர்களையும் 7 வயதில் தொடங்கிய ஸ்டைனர் பள்ளிப் பிள்ளைகளையும் ஒப்பிட்டதில், சுமார் 11 வயதில் வாசிப்பு வேகத்தில் வித்தியாசம் மறைந்துவிட்டது. ஆறுதலான செய்திதான். ஆனால் அது அந்தப் பாதையிலேயே தொடர்ந்த பிள்ளைகளின் கதை. 8 வயதில் நடுவில் பிடுங்கி வேறிடத்தில் நட்ட பிள்ளைக்கு அந்த முடிவு பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

இன்னொரு மறைவான செலவு இதைவிட முக்கியம். "பொறுங்கள், தானாக வரும்" என்ற பொறுமை, உண்மையிலேயே டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடு இருக்கும் குழந்தையை இரண்டு மூன்று வருடம் மறைத்துவிடலாம். குடும்பத்தில் யாருக்காவது வாசிப்புச் சிரமம் இருந்திருந்தால், அல்லது குழந்தைக்கு ஒத்த ஓசைகளைப் பிரித்தறிவது கடினமாக இருந்தால், பள்ளி என்ன சொன்னாலும் வெளியே ஒரு நிபுணரிடம் காட்டிவிடுங்கள். இதில் காத்திருக்கக் கூடாது.

வீட்டிடம் கேட்பது: நிறையக் கேட்கும். சிறு பிள்ளைகளுக்கு டிவி, மொபைல் வேண்டாம் என்பார்கள். பல பள்ளிகளில் சேர்க்கையின்போதே இதைப் பேசிவிடுவார்கள். தாத்தா பாட்டி வீட்டில் நாள் முழுக்க டிவி ஓடுகிறது, அதை உங்களால் மாற்ற முடியாது என்றால், குழந்தை தினமும் இரண்டு சட்டங்களுக்கு நடுவில் மாட்டிக்கொள்ளும்.

ஒரே வகுப்பாசிரியர் பல வருடம், மரபுப்படி எட்டு வருடம் வரை, அதே பிள்ளைகளுடன் மேலே மேலே போவார். நல்ல ஆசிரியர் அமைந்தால் அது வரம். குழந்தைக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை என்றால் அடுத்த வருடம் சரியாகிவிடும் என்று காத்திருக்கவும் வழியில்லை.

பெயரின் நம்பகம்: இந்தக் கல்விக்குப் பின்னால் ஆந்த்ரோபோசஃபி என்ற ஸ்டைனரின் ஆன்மிகத் தத்துவம் இருக்கிறது. அதைப் பிள்ளைகளுக்குப் பாடமாக நடத்துவதில்லை. ஆனால் எந்த வயதில் எதைத் தரலாம், இந்தக் குழந்தை ஏன் இப்படி இருக்கிறது என்று ஆசிரியர்கள் யோசிப்பதில் அது கலந்திருக்கும். இனங்களைப் பற்றி ஸ்டைனர் சொன்னவற்றில் ஏற்கவே முடியாத பகுதிகள் உண்டு, வால்டோர்ஃப் அமைப்புகள் பல அவற்றை வெளிப்படையாக மறுத்திருக்கின்றன. சில நாடுகளில் ஸ்டைனர் பள்ளிச் சமூகங்களில் தடுப்பூசி போடுவது குறைந்து தட்டம்மை பரவியதும் நடந்திருக்கிறது. பள்ளிக்குப் பள்ளி இது வேறுபடும். கூச்சப்படாமல் கேளுங்கள். நேராகப் பதில் சொல்லும் பள்ளி நல்ல பள்ளி.

யாருக்கு ஏற்றது: குறைந்தது 10, 11 வயது வரை இடம் மாறப் போவதில்லை என்று தெரிந்த குடும்பத்துக்கு. கதை, பாட்டு, கைவேலை, கூட்டமாகச் செய்வது இவற்றில் மலர்கிற குழந்தைக்கு. மூன்று வயதிலேயே எழுத்துகளைக் காட்டி "இது என்ன, இது என்ன" என்று துளைத்தெடுக்கிற குழந்தைக்கு இங்கே கொஞ்சம் பசி இருக்கும்.

## மாண்டிசோரி

மரியா மாண்டிசோரி மருத்துவர். மனவளர்ச்சி குன்றியவர்கள் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளுக்குக் கற்பித்த அனுபவத்தோடு, 1907 ஜனவரி 6 அன்று ரோமின் ஏழைகள் வாழ்ந்த சான் லொரென்சோ பகுதியில் முதல் 'குழந்தைகள் இல்ல'த்தைத் தொடங்கினார்.

ஒரு நாள்: நான் பார்த்த வகுப்பில் நான்கு வயதுப் பெண் ஒருத்தி தரையில் பாயை விரித்து, ஒரு மரக்கட்டையைக் கொண்டுவந்து வைத்தாள். அதில் பத்துக் குழிகள், ஒவ்வொன்றிலும் குமிழ் வைத்த ஓர் உருளை. எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் கலைத்தாள். திரும்பப் பொருத்தும்போது கடைசியில் ஓர் உருளை கையில் நின்றது, மிச்சமிருந்த குழியில் அது நுழையவில்லை. ஆசிரியர் மூன்றடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார், வாயைத் திறக்கவில்லை. அவள் ஒவ்வொரு குழியையும் விரலால் தடவிப் பார்த்தாள். நடுவில் ஒன்று தளர்வாக ஆடியதைக் கண்டுபிடித்து மாற்றினாள். முடிந்ததும் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மறுபடி கலைத்தாள். தப்பு எங்கே என்று அந்தக் கட்டையே சொல்லிவிட்டது. பதினான்கு வருடம் சிவப்பு மையால் தப்பைச் சுட்டிக்காட்டிய எனக்கு அது பெரிய பாடம்.

காலையில் இடைவிடாத மூன்று மணி நேர வேலை, 3–6, 6–9, 9–12 என்று மூன்று வயதுகள் கலந்த வகுப்பு, அலமாரியில் ஒவ்வொரு சாதனத்திலும் ஒன்றே ஒன்று. வேறொருவர் எடுத்திருந்தால் காத்திருக்க வேண்டும். பொறுமை அந்த ஏற்பாட்டிலேயே வந்துவிடுகிறது.

எழுத்தும் எண்ணும்: மணல்காகித எழுத்துகளை விரலால் தடவி, ஓசையைச் சொல்லித் தொடங்குவார்கள். வாசிப்பதற்கு முன்பே எழுத வருவது இங்கே சகஜம். கணக்குக்குத் தங்க நிற மணிகள்: ஒரு மணி, பத்தின் கம்பி, நூறின் சதுரம், ஆயிரத்தின் கனசதுரம். ஆயிரம் எவ்வளவு கனம் என்று கை அறிந்த பிறகே பூஜ்யங்கள் வரும்.

ஆய்வுச் சான்றும் மற்ற மாற்று முறைகளைவிட இதற்குக் கூடுதல். 2006இல் ஏஞ்சலின் லில்லார்டும் நிக்கோல் எல்ஸ்-குவெஸ்ட்டும் வெளியிட்ட ஆய்வில், குலுக்கலில் மாண்டிசோரிப் பள்ளியில் இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்டார்கள். 5 வயதில் வாசிப்பு, கணக்கு, சமூகப் பழக்கம் ஆகியவற்றில் முதல் கூட்டம் முன்னால் இருந்தது. லில்லார்டின் பிந்தைய ஆய்வு ஒன்றில், முறையைக் கலப்பில்லாமல் நடத்திய வகுப்புகளே சிறந்த பலன் தந்தன. வேறு விளையாட்டுப் பொருள்களையும் பயிற்சித் தாள்களையும் சேர்த்த வகுப்புகளில் பலன் குறைந்தது.

வீட்டிடம் கேட்பது: வால்டோர்ஃபை விடக் குறைவு. ஆனால் அவசரப்படக் கூடாது. சட்டைப் பித்தானைக் குழந்தை தானே போட ஐந்து நிமிடம் ஆனால் ஆகட்டும் என்று விட வேண்டும். காலை எட்டு மணிக்கு அது லேசில்லை.

காலக்கணக்கு: இங்கேதான் பெற்றோர் அதிகம் இழக்கிறார்கள். மூன்று வருடச் சுற்றில் கடைசி வருடம்தான் அறுவடை. முதல் இரண்டு வருடம் கையால் தடவியது எல்லாம் அப்போதுதான் வாசிப்பாகவும் கூட்டலாகவும் திரள்கிறது. அந்த வருடம்தான் குழந்தை வகுப்பில் பெரியவர், சின்னவர்களுக்குக் காட்டிக் கொடுக்கிறவர். சரியாக அந்த 5 வயதில், 'பெரிய பள்ளியில் இடம் போய்விடும்' என்று எடுத்துவிடுகிறார்கள். மூன்றாவது வருடம் இருக்க முடியாது என்று இப்போதே தெரிந்தால், முதல் இரண்டு வருடத்துக்குக் கூடுதல் பணம் கொடுப்பதை ஒரு முறை யோசியுங்கள்.

பெயரின் நம்பகம்: பல நாடுகளில் மாண்டிசோரி என்ற பெயர் யாருக்கும் சொந்தமில்லை. அமெரிக்காவில் 1967இலேயே அது பொதுப்பெயர் என்று தீர்ப்பாகிவிட்டது. யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம். ஆசிரியர் எங்கே, எத்தனை மாதம் பயிற்சி எடுத்தார் என்று கேளுங்கள். 1929இல் மாண்டிசோரியே தொடங்கிய ஏஎம்ஐ என்ற சர்வதேச மாண்டிசோரி அமைப்பின் பயிற்சி ஓர் அடையாளம். மூன்று வயதுகளும் ஒரே அறையில் இருக்கிறார்களா, காலை வேலை நேரத்தை எத்தனை முறை மணியடித்து நிறுத்துகிறார்கள் என்றும் பாருங்கள். அரை மணிக்கொரு முறை வகுப்பு மாறினால், அலமாரியில் எத்தனை சாதனம் இருந்தாலும் அது மாண்டிசோரி இல்லை.

யாருக்கு ஏற்றது: ஒரே வேலையில் மூழ்கிக் கிடக்கும் குழந்தைக்கு, சத்தம் பிடிக்காத குழந்தைக்கு, 6 அல்லது 9 வயதில் வழக்கமான பள்ளிக்கு மாறப் போகிற குடும்பத்துக்கு. பாவனை விளையாட்டிலேயே வாழ்கிற குழந்தைக்கு அதற்கான நேரத்தை வீட்டில் தாராளமாகக் கொடுத்துவிடுங்கள்.

## ரெஜியோ எமிலியா

இது வட இத்தாலியில் உள்ள ஊரின் பெயர். 1945இல் போர் முடிந்த கையோடு, அதன் அருகிலிருந்த ஒரு கிராமத்து மக்கள் ஜெர்மானியர் விட்டுப்போன டாங்கியையும் லாரிகளையும் குதிரைகளையும் விற்ற பணத்தில் பள்ளி கட்டினார்கள். அதைக் கேள்விப்பட்டு சைக்கிளில் பார்க்கப் போன இளம் ஆசிரியர் லோரிஸ் மலகுட்சி, வாழ்நாள் முழுவதும் அந்தப் பணியிலேயே இருந்துவிட்டார். 1963இல் நகராட்சியே முதல் பாலர் பள்ளியைத் திறந்தது.

குழந்தைகள் நிழலைப் பார்த்து ஆச்சரியப்பட்டால், அடுத்த சில வாரங்களுக்கு நிழல்தான் பாடம். களிமண், கம்பி, வெளிச்சம், காகிதம் என்று எதில் வேண்டுமானாலும் அதை ஆராய்வார்கள். குழந்தைகள் சொன்னதை ஆசிரியர்கள் எழுதி, படமெடுத்து, சுவரில் வைப்பார்கள். பெற்றோரும் அடிக்கடி வந்து கலந்துகொள்ள வேண்டும்.

6 வயதோடு முடிவதால் வெளியேறும் சிக்கல் குறைவு. சான்றிதழ் தரும் முறையாக இதை அவர்கள் பரப்பவில்லை. மற்ற ஊர்களில் இருப்பவை எல்லாம் 'ரெஜியோவைப் பார்த்துத் தொடங்கியவை'தான். அதனால் சுவரைப் படியுங்கள். எல்லாக் குழந்தைகளும் ஒரே மாதிரி ஒட்டிய பட்டாம்பூச்சிகள் தொங்கினால், பெயர் மட்டுமே ரெஜியோ.

இதோடு, 1921இல் ஜெர்மனியில் தொடங்கி, பிறகு இங்கிலாந்துக்கு மாறிய சம்மர்ஹில் போன்ற ஜனநாயகப் பள்ளிகளும் உண்டு. அங்கே வகுப்புக்குப் போவதும் போகாததும் குழந்தையின் விருப்பம், பள்ளி விதிகளில் ஆசிரியருக்கும் பிள்ளைக்கும் ஆளுக்கொரு ஓட்டு. பல மாதம் வகுப்புப் பக்கமே போகாத பிள்ளையைப் பார்த்து உங்களுக்குத் தூக்கம் வருமா என்பதை முதலில் யோசியுங்கள். வராது என்றால், அந்தப் பதற்றம் குழந்தைக்குத் தெரிந்துவிடும்.

## வழக்கமான பள்ளி

மாற்றுக் கல்வியைப் பற்றி எழுதுகிறவர்கள் இதை வில்லனாக்கிவிடுகிறார்கள். நான் அப்படிச் செய்ய மாட்டேன். முழு வளர்ச்சிக்கு வழிவிடும் வழக்கமான பள்ளிகள் உண்டு: வெளியே ஓடி விளையாட நேரம், மதிப்பெண்ணைச் சத்தமாக வாசிக்காத ஆசிரியர், குழந்தை கேள்வி கேட்டால் கடிகாரத்தைப் பார்க்காத வகுப்பு.

மறைவான செலவு மாலையில் இருக்கிறது. வீட்டுப்பாடம், டியூஷன், பரீட்சைக்கு முந்தைய அழுகை என்று மாலைகள் போய்விட்டால், விளையாட்டு, கைவேலை, வேடிக்கை பார்ப்பது எதற்கும் இடமில்லை. அதனால் சேர்க்கும் முன், இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தினமும் எவ்வளவு வீட்டுப்பாடம் என்று அங்கே படிக்கும் பிள்ளையின் அம்மாவிடம் கேளுங்கள். பள்ளி அலுவலகத்தில் கிடைக்காத பதில் அங்கே கிடைக்கும்.

வேலை காரணமாக இரண்டு மூன்று வருடத்துக்கொரு முறை ஊர் மாறும் குடும்பத்துக்கு இதுவே நல்லது. சிறப்புக் கல்வி ஆசிரியரும் பேச்சுப் பயிற்சியும் தேவைப்படும் குழந்தைக்கு, அவை எந்தப் பள்ளியில் இருக்கின்றனவோ அதுதான் நல்ல பள்ளி. மாற்றுப் பள்ளிக்குப் போய்வர ஒரு நாளில் மூன்று மணி நேரம் வண்டியில் உட்கார வேண்டுமென்றால், பத்து நிமிட நடையில் இருக்கும் சுமாரான பள்ளியையே நான் தேர்ந்தெடுப்பேன். மிச்சமாகும் நேரத்தில் குழந்தை மண்ணைத் தோண்டலாம், சமையலில் கை கொடுக்கலாம், சும்மா படுத்துக்கொண்டு மேகத்தைப் பார்க்கலாம். கட்டணத்துக்காக அம்மாவோ அப்பாவோ இன்னொரு வேலைக்கு ஓட வேண்டியிருந்தாலும் இதே கணக்குதான்.

## நடுவில் மாற்றியே ஆக வேண்டும் என்றால்

எவ்வளவு திட்டமிட்டாலும் வேலை போகும், வீடு மாறும், பள்ளியே மூடிவிடும். அப்போது புதிய ஆசிரியரிடம் குழந்தையை ஒப்படைக்கும் முன் அரை மணி நேரம் பேசுங்கள். பழைய பள்ளி எதை எந்த வயதில் சொல்லித்தரும், எதை இன்னும் தொடங்கவில்லை என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். 'வாசிக்கத் தெரியாது' என்பதற்கும் 'வாசிப்பு இன்னும் சொல்லித்தரப்படவில்லை' என்பதற்கும் உள்ள தூரம் ஆசிரியருக்குத் தெரிய வேண்டும். மாண்டிசோரியிலிருந்து வரும் பிள்ளை, வேலை முடிந்ததும் தானே எழுந்து போய் அடுத்ததைத் தேடும். அடங்காமை என்று அதைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுங்கள். ஆறு மாதமாவது ஒப்பிடாமல் விடும்படி கேளுங்கள்.

என் வகுப்புக்கு வந்த அந்தப் பையனின் அம்மா இரண்டு மாதம் கழித்துத்தான் அவனுடைய பழைய நோட்டை எடுத்து வந்தார், அதுவும் நான் கேட்ட பிறகு. அதை நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். மறுநாளிலிருந்து கதையை அவன் சொல்ல நான் பலகையில் எழுதினேன், எழுதியதை அவன் வாசித்தான். தன் சொற்களாக இருந்ததால் தலை குனியவில்லை. ஒன்பது வயது நெருங்கும்போது மற்றவர்களோடு சேர்ந்து வாசித்துக்கொண்டிருந்தான். பார்டர் போடுவதை மட்டும் எங்கள் கோடு போட்ட நோட்டிலும் அவன் விடவில்லை.